இறங்கும் கார்பன், ஏறும் வெப்பம்

1986-ஆம் ஆண்டு அரபிக்கடலில் மூன்று இடங்களில், வெயில் எட்டாத ஆழத்தில், வாய் அகன்ற புனல்களை நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். கோவாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து எடுத்த முயற்சி அது. ஒவ்வொரு புனலுக்கும் அடியில் ஒரு வட்டத் தட்டு. அதில் வரிசையாகக் குப்பிகள். குறித்த கெடு முடிந்ததும் தட்டு தானாகச் சுழலும், அடுத்த குப்பி புனலுக்குக் கீழே வந்து நிற்கும். மேலேயிருந்து விழும் தூசு, துகள், செத்த உயிர்களின் எச்சம் எல்லாம் தேதிவாரியாகச் சேரும். எடுத்துப் பார்த்தபோது குப்பிகளுக்குள் பருவக்காற்று தெரிந்தது. தென்மேற்குக் காற்று வீசிய மாதங்களில் வண்டல் மிகுந்திருந்தது. காற்று ஓய்ந்த மாதங்களில் வரத்து சுருங்கிப் போனது. மேற்பரப்பில் அடிக்கும் காற்று, சில வாரங்களுக்குள் மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் தன் கணக்கை எழுதிவிடுகிறது என்ற செய்தி 1989-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

அப்படி இறங்கும் சரக்கில் முக்கியமானது கார்பன். அதை ஏற்றி அனுப்புபவை மிதவை உயிரிகள். பள்ளிப் பாடத்தில் பிளாங்டன் என்று படித்தவைதாம். ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்பாசிகள் ஒரு பக்கம், அவற்றைத் தின்று வாழும் சிறு விலங்குகள் இன்னொரு பக்கம். நீரோட்டத்தை எதிர்த்து நீந்திப் போகும் வலு இரண்டுக்கும் இல்லை. 1887-இல் ஜெர்மானியரான விக்டர் ஹென்சன் இவற்றுக்குப் பெயர் சூட்டியபோது அவர் அறிய விரும்பியது, கடல் எவ்வளவு மீனைத் தாங்கும் என்பதை. இன்று இவற்றை எண்ணிக்கொண்டிருப்பவர்களின் கேள்வி வேறு. கடல் சூடேறச் சூடேற, இந்த உயிர்கள் கீழே அனுப்பும் கார்பன் கூடுமா, குறையுமா?

அளவிலிருந்து தொடங்கலாம். கடலின் நுண்பாசிகள் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் கார்பனை ஒளிச்சேர்க்கையில் உடலாக மாற்றுகின்றன. பூமியின் காடு, வயல், புல்வெளி அத்தனையும் சேர்ந்து செய்வதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் நிலத் தாவரங்களின் உடலில் இருக்கும் கார்பன் சுமார் 45,000 கோடி டன் என்றால், கடல் நுண்பாசிகளின் உடலில் இருப்பது 100 கோடி டன்னை ஒட்டித்தான். வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. தேக்கு மரம் பிடித்த கார்பன் நூறாண்டு மரத்திலேயே நிற்கும். நுண்பாசியோ பிறந்து, பிளந்து, தின்னப்பட்டு, சில நாள்களில் முடிந்துபோகும். கடலின் பாசி இருப்பு முழுவதும் ஒரு வாரத்துக்குள் புதிதாக மாறிவிடுகிறது. இவ்வளவு வேகமாகச் சுழலும் ஒன்றில் எதுவும் தங்காது; கீழே விழுந்தால்தான் தங்கும்.

இந்த இடத்தில் ஒரு பிரபலமான வாசகத்தை ஓரமாக வைத்துவிடுவது நல்லது. நாம் இழுக்கும் மூச்சில் பாதி கடல் பாசி தந்தது என்று சுவரொட்டிகளிலும் மேடைகளிலும் சொல்கிறார்கள். பாசிகள் ஆக்சிஜனை வெளியிடுவது உண்மை. அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அதே கடலின் பாக்டீரியாக்களும் விலங்குகளுமே உண்டு தீர்த்துவிடுகின்றன என்பதும் உண்மை. மிதவை உயிரிகள் பற்றிக் கவலைப்பட மூச்சைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை. கார்பன் கணக்கே போதும்.

அந்தக் கணக்கிலும் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். காற்று மண்டலத்தில் இன்று சுமார் 87,000 கோடி டன் கார்பன் இருக்கிறது. கடலில் அதைப்போல நாற்பது மடங்குக்கும் மேல், சுமார் 38 லட்சம் கோடி டன். மனிதர்கள் ஆண்டுதோறும் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறையக் கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. இப்படி வாங்குவது பெரும்பாலும் வேதியியலின் வேலை: காற்றில் வாயு கூடினால் நீரில் அதிகம் கரைகிறது, துருவப் பக்கத்துக் குளிர்ந்த நீர் அதை எடுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகிறது. மிதவை உயிரிகளின் பங்கு அந்தக் கூடுதல் வரவில் இல்லை. ஏற்கெனவே ஆழத்தில் இருக்கும் சேமிப்பைக் காப்பதில் இருக்கிறது. அவை ஆண்டுக்கு 500 முதல் 1,200 கோடி டன் வரை மேல்நீரிலிருந்து கீழே தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் ஆழ்கடல் கார்பன் மேலேறி வருவது ஈடாகிறது. இந்த ‘உயிரியல் பம்பு’ நின்றுபோனால் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 150 முதல் 200 பங்கு கூடும் என்று கணித்திருக்கிறார்கள். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் இருந்தது 280 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பம்பு நின்றுவிடும் என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் பேச்சு.

கீழே இறங்குவதற்குப் பல வழிகள் உண்டு. டயாட்டம் என்ற பாசிக்குக் கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு. செத்தால் கனத்தோடு விழும். செத்த பாசி, சளி, கழிவு எல்லாம் ஒட்டித் திரளாகி ‘கடல்பனி’யாக உதிரும். துடுப்புக்காலிகள், கிரில் போன்ற சிறு விலங்குகள் பாசியைத் தின்று இறுக்கமான புழுக்கைகளாக வெளியேற்றும். அவை தனிப் பாசியைவிடப் பல மடங்கு வேகமாக இறங்கும். இன்னொரு வழி இரண்டாம் உலகப் போரின்போது தற்செயலாகத் தெரிய வந்தது. கலிபோர்னியாவுக்கு அப்பால் நீர்மூழ்கிகளைத் தேட ஒலியலைகளை அனுப்பியவர்களுக்கு, கடலின் நடுவே ஒரு பொய்த்தரை எதிரொலித்தது. பகலில் அது சில நூறு மீட்டர் ஆழத்தில் கிடந்தது, இரவில் மேலே வந்தது. தரை அல்ல, கூட்டங்கூட்டமாக உயிர்கள். இருட்டில் மேலே வந்து மேய்ந்து, விடிவதற்குள் இறங்கி, உண்டதை ஆழத்தில் மூச்சாக விடுபவை. எடைக் கணக்கில் உலகின் மிகப்பெரிய இடப்பெயர்ச்சி இதுதான். ஒவ்வொரு நாளும் நடக்கிறது.

இறங்குவது எல்லாம் அடி சேர்வதில்லை. அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டினும் சக ஆய்வாளர்களும் பசிபிக்கில் புனல்களை வெவ்வேறு ஆழங்களில் தொங்கவிட்டு, 1987-இல் ஒரு வளைகோட்டை வெளியிட்டார்கள். அதன்படி 100 மீட்டர் ஆழத்தைக் கடக்கும் கார்பன் 100 கிராம் என்றால், 1,000 மீட்டரைக் கடப்பது சுமார் 14 கிராம். மீதி வழியிலேயே தின்னப்பட்டு மறுபடியும் கரியமில வாயுவாகிவிடுகிறது. 100 மீட்டரில் வாயுவானது அடுத்த குளிர்காலப் புரட்டலில் காற்றோடு கலந்துவிடும். ஆயிரம் மீட்டருக்குக் கீழே வாயுவானது திரும்பி வர நூற்றாண்டுகள் ஆகலாம். ஆகவே எவ்வளவு விளைகிறது என்பதைவிட எந்த ஆழத்தில் கரைகிறது என்பதே பெரிய கேள்வி. 2009-இல் வெளிவந்த ஒரு கணிப்பு இதை எண்ணாக்கிக் காட்டியது. விழும் துகள்கள் கரையும் ஆழம் உலகக் கடல் முழுவதும் சராசரியாக 24 மீட்டர் கீழே போனாலே காற்றின் கரியமில வாயு 10 முதல் 27 பங்கு குறையும். வெறும் 24 மீட்டர்! கரையும் ஆழம் மேலே வந்தால் விளைவு எதிர்த்திசையில் இருக்கும்.

சூடு இந்த ஆழத்தை மேலே தள்ளுகிறது என்று நினைக்கக் காரணம் இருக்கிறது. சித்திரை வெயிலில் சோறு சீக்கிரம் ஊசிப்போகிற அதே விதிதான். வெப்பம் கூடும்போது ஒளிச்சேர்க்கையும் வேகமெடுக்கும், சுவாசமும் வேகமெடுக்கும். ஆனால் இரண்டாவது அதிகமாக. வட அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான பகுதிகளிலும் குளிர்ந்த பகுதிகளிலும் மிதக்கும் புனல்களை வைத்து எடுத்த அளவுகளை 2015-இல் வெளியிட்டார்கள்: மேல் 500 மீட்டர் நீர் எவ்வளவு சூடோ, அவ்வளவு சீக்கிரம் விழும் கார்பன் கரைந்திருந்தது. தொல்லுயிர் ஓடுகளும் இதையே சொல்கின்றன. கடந்த ஒன்றரைக் கோடி ஆண்டுகளில் கடல் படிப்படியாகக் குளிர்ந்தபோது துகள்கள் இன்னும் ஆழமாக இறங்கத் தொடங்கின. மங்கல் வெளிச்சத்து நடுக்கடலில் உணவு பெருகி, புதிய இனங்கள் அங்கே குடியேறின. 2021-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த இந்த ஆய்வைப் படிப்பவர்கள் அந்தப் படத்தைத் தலைகீழாக ஓட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது.

இரண்டாவது மாற்றம் நீரின் அடுக்குகளில். மேல்நீர் சூடாகி லேசானால் கீழ்நீரோடு கலக்க மறுக்கும். 1960-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடலின் இந்த அடுக்குப் பிரிவு 5 சதவீதத்துக்கு மேல் வலுத்திருக்கிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கீழேதான் இருக்கின்றன. வெளிச்சம் மேலே இருக்கிறது. இடையே கலப்பு குறைந்தால் பாசிக்குப் பட்டினி. பட்டினியில் பெரிய உடம்பு தாங்காது. டயாட்டம் பின்வாங்கும், மிகச் சிறியவை இடம் பிடிக்கும். சிறியவை செத்தாலும் எளிதில் மூழ்காது. அவற்றைத் தின்னும் ஒற்றைச் செல் உயிர்களும் சிறியவை, அவற்றின் கழிவும் சிறியது. கார்பன் மேல்நீரிலேயே கைமாறிக் கைமாறிச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்தச் சிறியவற்றில் முதன்மையானது புரோகுளோரோகாக்கஸ். சாலி சிஷோமும் ராபர்ட் ஓல்சனும் சார்கசோ கடலில் 1980-களின் நடுவில் கண்டுபிடிக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக நிறுத்தலாம். வெப்பமண்டலக் கடல்நீர் ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் வரை இருக்கும். சூடேறும் கடல் இதற்குக் கொண்டாட்டம் என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 2025-இல் அந்த எண்ணமும் ஆட்டம் கண்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பிரான்சுவா ரிபாலேயும் குழுவினரும் சுமார் நூறு கடற்பயணங்களில் கப்பலிலேயே செல்களை எண்ணும் கருவியை ஓட்டிச் சேர்த்த தரவு, இந்த உயிரி பிளவுபடும் வேகம் ஏறக்குறைய 28 டிகிரிக்கு மேல் சரிகிறது என்று காட்டியது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் பெரும்பகுதி ஆண்டின் பல மாதங்கள் அந்த அளவைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதன் இடத்தை வேறொரு நுண்ணுயிர் நிரப்பக்கூடும். நிரப்புவது எது, அது எப்படிச் சாகும் என்பதைப் பொறுத்தே கார்பன் கணக்கு அமையும்.

இதற்குள் வாசகருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். பாசி உண்மையிலேயே குறைந்துகொண்டு வருகிறதா? இங்கேதான் சண்டையே. 2010-இல் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர், 1950-க்குப் பிறகு உலகக் கடலின் நுண்பாசியில் சுமார் 40 சதவீதம் போய்விட்டது என்று எழுதினார்கள். அவர்களுடைய பழைய தரவில் பெரும்பகுதி, ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்து வைத்தவை. இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி 1865-இல் போப்பின் கப்பலிலிருந்து இறக்கிப் பார்த்த தட்டின் வழிவந்த முறை அது. அதையும் பிற்காலத்துப் பச்சைய அளவுகளையும் ஒரே கோட்டில் இணைத்ததே பொய்யான சரிவைக் காட்டியது என்று மறு ஆண்டே எதிர்ப்புகள் வந்தன. அந்த 40 சதவீதம் இன்றும் கட்டுரைகளில் உலவுகிறது. தனியாக நிற்கும் வலு அதற்கு இல்லை.

அரபிக்கடலிலும் அப்படி ஒரு முரண். 2005-இல் ஜோக்கிம் கோஸ் குழு, இமயமலைப் பக்கத்துப் பனிப்போர்வை குறைவதால் நிலம் சூடாகி, தென்மேற்குக் காற்று வலுத்து, சோமாலியாக் கரையில் பாசி சில ஆண்டுகளில் பல மடங்கு பெருகியது என்றது. 2016-இல் புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராக்ஸி மேத்யூ கோல் குழு, மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் பாசி 20 சதவீதம் வரை சரிந்திருக்கிறது, மேல்நீர் சூடேறி அடுக்குப் பிரிந்ததே காரணம் என்றது. இரண்டு குழுவும் பொய் சொல்லவில்லை. முதலாவது பார்த்தது செயற்கைக்கோளின் ஏழெட்டு ஆண்டுகள். இரண்டாவது பார்த்தது அதைவிட நீண்ட செயற்கைக்கோள் பதிவோடு கணினி மாதிரிகளும். எல் நினோ போன்ற இயற்கை ஊசலாட்டத்திலிருந்து பருவநிலை மாற்றத்தின் சுவட்டைப் பிரித்தெடுக்கக் கடலின் நிறப் பதிவு சுமார் நாற்பது ஆண்டுகள் தேவை என்று ஒரு கணிப்பு உண்டு. இடைவிடாத பதிவு தொடங்கியது 1997-இல்தான். போதாக்குறைக்குச் செயற்கைக்கோள் பார்ப்பது மேல் தோலை மட்டும். வெளிச்சம் கூடினால் பாசி தன் பச்சையத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், நிறம் வெளுத்தால் உயிர் குறைந்தது என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

எண்ணிக்கைச் சண்டை ஓயட்டும். யார் வாழ்கிறார்கள் என்பது மாறிவிட்டதற்கு அரபிக்கடலே சாட்சி. 2000-க்குப் பிறகு அங்கே குளிர்கால டயாட்டங்களின் இடத்தைப் பச்சை நாக்டிலூகா பிடித்துக்கொண்டது. ஓமானிலிருந்து குஜராத் பக்கம் வரை விண்வெளியிலிருந்தே தெரியும் அளவுக்குச் சுருள் சுருளாகப் பச்சை. ஒரு மில்லிமீட்டர் வரை வளரும் இந்த ஒற்றைச் செல் உயிரி தன் வயிற்றுக்குள் பச்சைப் பாசிகளைக் குடிவைத்திருக்கிறது. உள்ளே ஒளிச்சேர்க்கை, வெளியே வேட்டை. டயாட்டங்களையும் விழுங்கும். மீன்களுக்கு உதவும் துடுப்புக்காலிகள் இதைச் சீண்டுவதில்லை. சால்ப் என்னும் கூழ் உடம்பு உயிர்களும் ஜெல்லிமீன்களும் தின்னும். சால்ப்பின் புழுக்கையோ நாளொன்றுக்கு ஆயிரம் மீட்டர் வரைகூட இறங்கக்கூடியது! ஆகவே மீனவருக்கு நட்டமான மாற்றம் ஆழ்கடல் சேமிப்புக்கும் நட்டம்தான் என்று முன்கூட்டியே எழுதிவிட முடியாது.

நாக்டிலூகா தமிழகக் கரைக்கும் புதிதல்ல. 2019 ஆகஸ்டில் சென்னைத் திருவான்மியூர்க் கடற்கரையில் அதனால் நீலமாக ஒளிர்ந்த அலைகளைப் படம்பிடித்துப் பகிர்ந்தவர்கள் ஏராளம். அடுத்த மாதமே மன்னார் வளைகுடா பச்சையானது. அந்தப் பெருக்கம் அழுகத் தொடங்கியதும் நீரின் ஆக்சிஜன் வீழ்ந்து, மீன்கள் செத்து ஒதுங்கின. சிங்கிள் தீவுப் பக்கத்துப் பவளங்களும் மூச்சுமுட்டி மடிந்ததைத் தூத்துக்குடி ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இந்த ஒரு நிகழ்வை வெப்பமாதலின் தலையில் கட்டுவது அவசரம். கரையோரச் சத்துகள், காற்று, நீரோட்டம் எல்லாம் இதில் உண்டு.

வங்காள விரிகுடாவின் கதையே வேறு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி என்று ஆறுகள் கொட்டும் நன்னீர் மேலே படர்ந்து மூடிவிடுகிறது. காற்று எவ்வளவு அடித்தாலும் கீழ்நீர் எளிதில் மேலே வராது. பாசி விளைச்சல் அரபிக்கடலைவிடக் குறைவு. ஆனால் புனல்களைப் போட்டபோது, விளைச்சலின் வேறுபாட்டை வைத்து எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கார்பன் ஆழத்துக்குப் போவது தெரிந்தது. ஹாம்பர்க்கில் பணியாற்றிய வேணுகோபாலன் இட்டெகாட் சொன்ன விளக்கம் எளிமையானது: ஆறுகள் கொண்டுவரும் களிமண் துகள் பாசிக்கழிவோடு ஒட்டிக் கனம் கூட்டுகிறது, கரைவதற்கு முன் கீழே இழுத்துக்கொண்டு போகிறது. இந்த விளக்கத்தைக் கேட்டபின் கிருஷ்ணா, கோதாவரி அணைகளுக்குப் பின்னால் தேங்கிப்போன வண்டலும் கடல் கார்பன் கணக்கில் ஒரு வரியாகிவிடுகிறது. சூடேறும் கடல் என்ற தலைப்பில் அணைகளை யாரும் தேடுவதில்லை, தேட வேண்டும்.

இதே விரிகுடாவின் அடித்தரை மண்ணைத் துளைத்தெடுத்து, கடந்த 22,000 ஆண்டுக் கதையை அரிசோனா பல்கலைக்கழகத்தின் கௌஸ்துப் திருமலை தலைமையிலான குழு 2025-இல் வாசித்துச் சொன்னது. பருவமழை மிக நலிந்திருந்த காலத்திலும் பாசி விளைச்சல் விழுந்தது; மழை வெளுத்து வாங்கிய காலத்திலும் விழுந்தது. ஒன்றில் காற்று போதவில்லை, இன்னொன்றில் நன்னீர் மூடிக்கொண்டது. வரும் நூற்றாண்டில் பருவமழை வலுக்கும் என்று பெரும்பாலான கணிப்புகள் சொல்லும் நிலையில், உலகக் கடற்பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லாத, உலக மீன்பிடிப்பில் ஏறக்குறைய 8 சதவீதம் தரும் கடல் இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் நீண்ட பதிவு எங்கே இருக்கிறது என்று கேட்டால் வட அட்லாண்டிக்கைத்தான் காட்ட வேண்டும். ஆலிஸ்டர் ஹார்டி வடிவமைத்த ஒரு கருவியை 1931 முதல் சாதாரண சரக்குக் கப்பல்கள் பின்னால் கட்டி இழுத்துச் செல்கின்றன. உள்ளே நகரும் பட்டுச் சுருளில் மிதவை உயிரிகள் சிக்கிப் பதிகின்றன. அந்தச் சுருள்களை எண்ணியவர்கள், வெதுநீரை விரும்பும் துடுப்புக்காலிகள் நாற்பது ஆண்டுகளில் வடக்கே சுமார் 10 டிகிரி அட்சரேகை நகர்ந்ததை 2002-இல் காட்டினார்கள். நகர்வதால் என்ன? குளிர்கடலில் வாழும் கலானஸ் என்ற துடுப்புக்காலி வசந்தத்தில் தின்று கொழுத்து, உடம்பில் எண்ணெயைச் சேர்த்துக்கொண்டு, குளிர்காலத்தைக் கழிக்க 600 முதல் 1,400 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும். அங்கே கிடந்து கொழுப்பை எரிக்கும். அந்தக் கார்பன் அங்கேயே தங்கிவிடும். கொழுப்பில் நைட்ரஜன் இல்லாததால் மேல்நீரின் சத்தும் கூடப் போவதில்லை. வட அட்லாண்டிக்கில் இப்படி இறங்கும் கார்பன், உதிர்ந்து விழும் துகள்களின் கார்பனுக்குச் சமம் என்று 2015-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். தெற்கிலிருந்து வரும் ஒல்லியான உறவினர்கள் இந்த வேலையைச் செய்வதில்லை.

கொழுத்தவை போய் ஒல்லியானவை வந்தால் என்ன நடக்கும் என்பதை வடகிழக்குப் பசிபிக் நேரில் கண்டது. 2013 முதல் 2016 வரை அங்கே படுத்துக்கிடந்த கடல் வெப்ப அலைக்கு ‘பிளாப்’ என்று பெயர் வைத்தார்கள். கீழ்மட்டத்தில் தொடங்கிய உணவுத் தட்டுப்பாடு மேலே ஏறி, அலாஸ்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் ‘மர்’ கடற்பறவைகளைக் கொன்றது. கார்பனுக்கு என்ன ஆயிற்று என்பது 2025-இல்தான் வெளியானது. தானியங்கி மிதவைக் கருவிகளின் பதிவுகளை மிதவை உயிரிகளின் பட்டியலோடு வைத்துப் பார்த்தபோது, மேலே விளைந்த துகள்கள் வழக்கம்போல ஆழத்துக்குப் போகாமல் 200 மீட்டரை ஒட்டியே தேங்கியிருந்தன. அதே வட்டாரத்தில் 2019-இல் வந்த அடுத்த வெப்ப அலையிலோ தேக்கம் வேறு விதமாக இருந்தது. இரண்டு சூடும் ஒன்றல்ல.

எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் அடக்க முயலும் கணினி மாதிரிகள் என்ன சொல்கின்றன? உமிழ்வு கட்டுப்படாமல் போனால் நூற்றாண்டின் இறுதியில் கடலின் பாசி விளைச்சல் 4 முதல் 11 சதவீதமும், ஆழத்துக்கு இறங்கும் கார்பன் 9 முதல் 16 சதவீதமும் குறையும் என்று ஐ.நா. பருவநிலைக் குழுவின் 2019 கடல் அறிக்கை சொன்னது. அடுத்த தலைமுறை மாதிரிகள் வந்தபோது விளைச்சலில் சராசரிச் சரிவு சுமார் 3 சதவீதமாகச் சுருங்கியது. மாதிரிகளுக்கிடையே வேறுபாடோ 9 சதவீதம். கூடுமா குறையுமா என்பதிலேயே ஒத்துப்போகாத மாதிரிகள் உண்டு. மாதிரிகள் மேம்பட்டபின் தெளிவு குறைந்தது தோல்வி அல்ல. நுண்பாசி, டயாட்டம், ஒன்றிரண்டு விலங்குகள் என்று நாலைந்து பெட்டிகளில் கடலை அடைத்திருந்தபோது கிடைத்த ஒற்றுமை அவ்வளவு மதிப்புள்ளதாக இருக்கவில்லை. இதற்கிடையே கடலின் மேற்பரப்பு வரலாறு காணாத சூட்டைத் தொட்ட 2023-இல், கடல் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவாகவே கரியமில வாயுவை வாங்கியது என்று சூரிச் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சூடான நீரில் வாயு குறைவாகக் கரையும் என்பதே அதற்கு முதல் காரணம். சூட்டால் மட்டும் நேர்ந்திருக்கும் அளவுக்கு இழப்பு பெருகாமல் தடுத்ததில் உயிர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது.

பம்பு தளரும் என்றால் அதை நாமே முடுக்கிவிடலாமே என்ற யோசனை மார்ட்டினிடமிருந்தே வந்தது. தென்பெருங்கடலில் நைட்ரேட்டு மிச்சமிருக்கிறது, பாசி இல்லை. குறைவது இரும்பு என்றார். அரை டேங்கர் இரும்பு கொடுங்கள், பனியூழியையே வரவழைக்கிறேன் என்று 1988-இல் அவர் வேடிக்கையாகச் சொன்னது பிறகு வேடிக்கையாக இருக்கவில்லை. 1993-இல் அவர் இறந்த சில மாதங்களில் கலபாகஸ் பக்கம் நடந்த முதல் சோதனை இரும்பு போட்டால் பாசி வளரும் என்று மெய்ப்பித்தது. பின்னர் இயற்கையே பெரிய அளவில் செய்து காட்டியது: 2019-20 ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின் புகை தென்பெருங்கடலில் ஆஸ்திரேலியாவைவிடப் பெரிய பாசிப் பெருக்கத்தை எழுப்பியது. வளர்ந்தது சரி, இறங்கியதா? 2004-இல் ஜெர்மானியர் நடத்திய ஐஃபெக்ஸ் சோதனையில் டயாட்டங்கள் பெருகி, பாதிக்கும் மேல் ஆயிரம் மீட்டருக்குக் கீழே போயின. 2009-இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து ‘போலார்ஷ்டெர்ன்’ கப்பலில் போய்ச் செய்த லோஹாஃபெக்ஸில் அப்படி நடக்கவில்லை. தேர்ந்தெடுத்த இடத்தில் சிலிக்கா முன்பே தீர்ந்து போயிருந்தது, டயாட்டம் வளரவில்லை. வளர்ந்த மெல்லுடல் பாசிகளைத் துடுப்புக்காலிகள் மேய்ந்தன, துடுப்புக்காலிகளை இறால் போன்ற சிறு வேட்டையாடிகள் மேய்ந்தன. ஆழத்துக்குப் போனது சொற்பம்.

அதே இரும்பு, அதே பெருங்கடல், எதிரெதிரான முடிவுகள். கார்பன் கடன் விற்கும் நிறுவனங்களின் விளக்கப் படங்களில் ஐஃபெக்ஸ் இருக்கும், லோஹாஃபெக்ஸைக் காண்பது அரிது. 2012-இல் கனடாவின் ஹைடா குவாய் தீவுகளுக்கு அப்பால் நூறு டன் இரும்புச் சேர்மத்தைக் கொட்டிய தனியார் முயற்சிக்குப் பிறகு, 2013-இல் கடலில் பொருள்களைக் கொட்டுவது பற்றிய லண்டன் ஒப்பந்த நெறிமுறையில் கட்டுப்பாடுகள் சேர்க்கப்பட்டன. போதிய நாடுகள் ஏற்காததால் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வராமல் நிற்கிறது. இப்போது மறுபடியும் சோதனைகளுக்குத் திட்டம் போடுகிறவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். ஐஃபெக்ஸும் லோஹாஃபெக்ஸும் கடலில் அளந்துகொண்டிருந்தது ஒவ்வொன்றும் ஐந்தாறு வாரம். ஆயிரம் மீட்டருக்குக் கீழே போனதையும், அங்கே அது எத்தனை ஆண்டு தங்கியது என்பதையும், ஓரிடத்தில் பாசி தின்று தீர்த்த நைட்ரேட்டு வேறெந்தக் கடலில் பற்றாக்குறையாகத் தெரிந்தது என்பதையும் பின்தொடர யார் பணம் தருவார்கள், எத்தனை காலத்துக்கு?